டென்ஷன் மூளையைச் சுருக்குமா, தியானம் அதை மீட்குமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். அம்மாவுக்கு 67 வயது. பக்கவாதம் வந்து படுத்துவிட்ட அப்பாவை இரண்டு வருடமாக அவர்தான் பார்த்துக்கொள்கிறார். சில மாதங்களாகப் பெயர்கள் சட்டென்று வாயில் வருவதில்லை, வைத்த பொருள் வைத்த இடம் நினைவில்லை, சொன்னதையே எப்போதாவது திரும்பச் சொல்கிறார். "டென்ஷன் மூளையைச் சுருக்கிவிடும், தியானம் செய்தால் மறுபடி வளரும் என்று படித்தேன். உண்மையா? அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தால் மறதி சரியாகுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் பாதி ஓரளவு உண்மை. ஆனால் "சுருக்கிவிடும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. இரண்டாம் பாதி, நீங்கள் படித்த வடிவத்தில், உண்மை இல்லை. அப்படியிருந்தும் உங்கள் அம்மா தியானம் பழகிப் பார்க்கலாம் என்றுதான் சொல்வேன். அதற்கான காரணம் மட்டும் வேறு.

முதலில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இரவு இரண்டு மணி. பக்கத்து அறையில் ஏதோ விழும் சத்தம். உங்கள் அம்மா என்ன ஏது என்று யோசிப்பதற்கு முன்பே மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் அமிக்டலா விழித்துக்கொள்கிறது. பாதாம் பருப்பு அளவுள்ள இந்தப் பகுதிக்கு ஆபத்தை மோப்பம் பிடிப்பதுதான் வேலை. ஓரிரு நொடிகளில் அட்ரினலின் பாய்கிறது; நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. இது முதல் அலை. இரண்டாவது அலை கொஞ்சம் நிதானமாக வரும். மூளைக்குள் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி அதன் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்ப, பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சொல்ல, அங்கிருந்து கார்டிசால் என்ற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. இது உச்சத்துக்குப் போக இருபது முப்பது நிமிடம் ஆகும். அதாவது அம்மா எழுந்து போய், விழுந்தது தண்ணீர் பாட்டில்தான் என்று பார்த்துவிட்டு, திரும்பி வந்து படுத்த பிறகுதான் கார்டிசால் உச்சத்தைத் தொடுகிறது. "ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டது, ஆனால் தூக்கம் மட்டும் வரவில்லை" என்று பலரும் சொல்வது இதனால்தான்.

இதுவரை எல்லாம் சரியாகவே நடக்கிறது. கார்டிசால் கெட்ட பொருள் அல்ல. காலையில் நாம் சுறுசுறுப்பாக எழ அது ஏறுவதும் உதவுகிறது. விழித்த முதல் முக்கால் மணி நேரத்தில் அது உச்சத்தில் இருக்கும், நள்ளிரவு வாக்கில் அடிமட்டத்துக்கு இறங்கும். அவசர நேரத்தில் சர்க்கரையைத் திரட்டிக் கொடுப்பது, வீக்கத்தை அடக்குவது, நடந்ததை நினைவில் பதியவைப்பது எல்லாம் அதன் வேலை. கார்டிசால் என்றாலே விஷம் என்பதுபோல் எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். முக்கியமான விஷயம், வேலை முடிந்ததும் அது இறங்குகிறதா என்பது.

இறக்குகிற வேலையில் பெரிய பங்கு ஹிப்போகாம்பஸுக்கு. காதுக்கு உள்பக்கமாக, இரு புறமும் ஒவ்வொன்றாக இருக்கும் இந்தப் பகுதி இல்லாமல் அன்றாடம் நடப்பது எதுவும் புதிய நினைவாகப் பதியாது. 1968-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் மெக்யூவன் குழுவினர், எலியின் ரத்தத்தில் செலுத்திய கார்டிசால் வகை ஹார்மோன் மூளையில் எங்கே போய்ச் சேர்கிறது என்று தேடினார்கள். அது அதிகமாகப் போய் ஒட்டிக்கொண்ட இடம் ஹிப்போகாம்பஸ். ஸ்ட்ரெஸ் ஹார்மோனுக்கு நினைவுப் பகுதியில் என்ன வேலை என்பது அன்றைக்குப் பெரிய ஆச்சரியம். பின்னால் தெளிவானது இதுதான்: ரத்தத்தில் கார்டிசால் போதுமான அளவு வந்துவிட்டதை ஹிப்போகாம்பஸ் உணர்ந்து, "போதும், நிறுத்து" என்று ஹைப்போதலாமஸுக்குச் சொல்கிறது. வண்டிக்கு பிரேக் எப்படியோ அப்படி.

1986-இல் ராபர்ட் சபோல்ஸ்கியும் மெக்யூவனும் இன்னொரு ஆராய்ச்சியாளரும் சேர்ந்து இதிலிருந்து ஒரு கருத்தை முன்வைத்தார்கள். நீண்ட நாள் கார்டிசால் மிகுதியாக இருந்தால் ஹிப்போகாம்பஸ் நலிகிறது. அது நலிந்தால் பிரேக் பிடிப்பதில்லை. பிரேக் பிடிக்காததால் கார்டிசால் இன்னும் ஏறுகிறது. ஹிப்போகாம்பஸ் இன்னும் நலிகிறது. முதுமையில் இந்தச் சுழல் வேகமெடுக்கலாம் என்றார்கள். எலிகளை வைத்துச் சொன்ன கருத்து என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"நலிகிறது" என்றால் செல்கள் செத்துவிடுகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படியில்லை. நரம்பு செல்லுக்கு மரக்கிளைபோல் கிளைகள் உண்டு. மற்ற செல்களிடமிருந்து செய்தி வாங்குவது அவற்றின் வழியாகத்தான். நீடித்த அழுத்தத்தில் இருக்கும் எலியின் ஹிப்போகாம்பஸில் இந்தக் கிளைகள் உள்ளிழுத்துக்கொள்கின்றன, குட்டையாகின்றன. அழுத்தத்தை நிறுத்தினால் திரும்ப நீள்கின்றன. ஆனால் அமிக்டலாவில் நடப்பது நேர்மாறு. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ர சட்டர்ஜி குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தினம் 2 மணி நேரம் வீதம் 10 நாள் அசையவிடாமல் வைத்த எலிகளில் ஹிப்போகாம்பஸ் கிளைகள் சுருங்கின, அமிக்டலா கிளைகள் வளர்ந்தன. 2004-இல் அதே குழு இன்னொன்றைக் காட்டியது. 21 நாள் ஓய்வு கொடுத்த பிறகு ஹிப்போகாம்பஸ் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. அமிக்டலாவில் வளர்ந்த கிளைகள் அப்படியே இருந்தன. கஷ்டகாலம் முடிந்த பிறகும் சின்னச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப்போடுகிறது என்று சொல்லும் மனிதர்களை நினைக்காமல் இதைப் படிக்க முடிவதில்லை.

வயது எங்கே வருகிறது? முதுமையில் அழுத்தம் கூடுதலாகச் சேதம் செய்கிறது என்பதைவிட, சேதத்திலிருந்து மீள்வது குறைகிறது என்பதே நடப்பதற்கு நெருக்கமான விளக்கம் என்று நான் நினைக்கிறேன். 2010-இல் வந்த ஓர் ஆய்வு இளம் எலி, நடுவயது எலி, கிழட்டு எலி மூன்றையும் ஒரே மாதிரி அழுத்தத்துக்கு உட்படுத்தியது. பார்த்த இடம், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை. திட்டமிடுவது, கவனத்தைப் பிடித்துவைப்பது, அவசரப்படாமல் இருப்பது எல்லாம் அதன் பொறுப்பு. இளம் எலிகளில் சுருங்கிய கிளைகள் ஓய்வுக்குப் பின் மீண்டன. மற்ற இரண்டிலும் மீளவில்லை. மனிதர்களில் இளைஞர்கள் எப்படி மீள்கிறார்கள் என்பதற்கு 2009-இல் வந்த ஒரு சிறிய ஆய்வு உண்டு: பெரிய தேர்வுக்காக ஒரு மாதம் ராப்பகலாகப் படித்துக்கொண்டிருந்த மருத்துவ மாணவர்கள் 20 பேரை ஸ்கேன் செய்தபோது, முன்மூளையின் இணைப்புகள் தளர்ந்து, கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதில் தடுமாறினார்கள். தேர்வு முடிந்து ஒரு மாதம் நிம்மதியாக இருந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. அந்த மாணவர்களின் வயது உங்கள் அம்மாவுக்கு இல்லை. அதைவிட முக்கியம், அவருக்குத் தேர்வு முடிகிற தேதியும் இல்லை.

முதியவர்களையே பார்த்த ஆய்வுகளில் அடிக்கடி சொல்லப்படுவது, சோனியா லூபியன் கனடாவின் மாண்ட்ரியலில் செய்து 1998-இல் வெளியிட்டது. நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த முதியவர்களின் கார்டிசாலைச் சில ஆண்டுகள் தொடர்ந்து அளந்தார்கள். ஆண்டுக்கு ஆண்டு ஏறி, உயர்ந்த நிலையிலேயே இருந்தவர்களின் ஹிப்போகாம்பஸ், அப்படி ஏறாதவர்களுடையதைவிட 14 சதவீதம் சிறியதாக இருந்தது. நினைவுத் தேர்விலும் பின்தங்கினார்கள். எண்ணிக்கை மிகச் சிறிது. கார்டிசால் ஏறியதால் சுருங்கியதா, சுருங்கியதால் ஏறியதா என்பதும் இதில் தெரியாது. ஆனால் குஷிங் நோய் கொஞ்சம் வெளிச்சம் தருகிறது. அந்த நோயில் உடம்பே அளவுக்கு மீறிக் கார்டிசாலைச் சுரக்கும். நோயாளிகளின் ஹிப்போகாம்பஸ் சிறுத்துப்போவதும், சிகிச்சையில் கார்டிசால் இறங்கிய பின் ஓரளவு திரும்பப் பெருப்பதும் பதிவாகியிருக்கிறது. ஆக, கார்டிசால் ஏறுவதாலும் ஹிப்போகாம்பஸ் சுருங்கலாம், பெரியவர்களிடமும் கொஞ்சம் மீட்சி உண்டு.

அளவு புரிய ஒரு எண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த நோயும் இல்லாத முதியவருக்கும் ஹிப்போகாம்பஸ் ஆண்டுக்குச் சுமார் 1 முதல் 2 சதவீதம் குறைந்துகொண்டுதான் இருக்கிறது. அழுத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடப்பது இது. "ஸ்ட்ரெஸ்ஸால்தான் மூளை சுருங்குகிறது" என்று யாராவது சொன்னால் இதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள்.

அழுத்தம் மூளையைத் தொடும் வழி கார்டிசால் மட்டும் இல்லை. ரத்த அழுத்தம் ஏறுகிறது; மூளையின் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் அதில் அடிபடுகின்றன. தூக்கம் கெடுகிறது, பகலில் கற்றது நினைவாக உறைவது ஆழ்ந்த தூக்கத்தில்தான், வயதானால் அந்த ஆழ்ந்த தூக்கம் ஏற்கெனவே குறைவு. அப்புறம், உடம்பு முழுக்க மெல்லிய அழற்சி. உங்கள் அம்மாவின் நிலைமைக்கு நேராகப் பொருந்தும் ஆய்வு இதில் ஒன்று உண்டு. டிமென்ஷியா என்ற முதுமை மறதி நோய் வந்த கணவனையோ மனைவியையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்களை அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர் ஆறு ஆண்டு தொடர்ந்தார்கள். 2003-இல் வெளியான அந்த ஆய்வில், இன்டர்லூக்கின்-6 என்னும் அழற்சிப் பொருள் அவர்கள் ரத்தத்தில் மற்றவர்களைவிடச் சுமார் நான்கு மடங்கு வேகத்தில் ஏறியது. பராமரிக்கப்பட்ட கணவனோ மனைவியோ இறந்துபோன பின்னும் அந்த ஏற்றம் சில ஆண்டுகள் நின்றபாடில்லை. படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்வது உடம்பிலேயே பதிகிற வேலை என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி தேவையில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலான ஒன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் அம்மாவுக்கு இருப்பது நினைவுக் கோளாறே இல்லாமல் இருக்கலாம். சாவியை எங்கே வைத்தோம் என்று நினைவு வராததற்கு இரண்டு காரணம் இருக்க முடியும். ஒன்று, பதிந்த நினைவு அழிந்துவிட்டது. இன்னொன்று, அது பதியவே இல்லை. கை சாவியை மேசை மேல் வைக்கும்போது மனம் அடுத்த வேளை மாத்திரையிலும், நாளைய டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டிலும் இருந்தால் சாவி வைத்த இடம் உள்ளே போவதே இல்லை. அழுத்தத்தில் இருக்கும் முதியவர்களின் மறதியில் இந்த இரண்டாம் வகைக்கும் பங்கு உண்டு. பெயர் நாக்கு நுனியில் நின்று அரை மணி கழித்துத் தானாக வந்தால், அது பத்திரமாகத்தான் இருக்கிறது, எடுக்கத்தான் நேரமாகிறது.

கவலைப்பட வேண்டியது வேறு மாதிரி இருக்கும். நடந்த விஷயமே நடக்காததுபோல் மறந்துபோவது, நினைவூட்டினாலும் "அப்படியா?" என்பது, பழகிய வழியில் தொலைந்துபோவது, வருடக்கணக்கில் செய்த கணக்கு வழக்கு திடீரென்று பிடிபடாமல் போவது. சொன்னதைத் திரும்பச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள்; "இப்போதுதானே சொன்னீர்கள்" என்றால் சிரித்துக்கொண்டு "ஆமாம்" என்கிறாரா, சொன்ன நினைவே இல்லையா என்று கவனியுங்கள். எப்படி இருந்தாலும் தியானத்தில் உட்காரவைப்பதற்கு முன் ஒருமுறை டாக்டரிடம் அழைத்துப் போய்விடுங்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, ரத்தசோகை, தூக்க மாத்திரை, சில வகை அலர்ஜி மாத்திரைகள், காது மந்தம், மனச்சோர்வு எல்லாமே மறதியாக வேஷம் போட்டுக்கொண்டு வரும். இவற்றில் பலவற்றுக்கு எளிய தீர்வு உண்டு. அதையெல்லாம் பார்க்காமல் "டென்ஷன்தான், தியானம் பண்ணுங்கள்" என்று விட்டுவிடுவது தவறு. உங்கள் பட்டியலிலேயே நீங்கள் எழுதாத ஒன்று மனச்சோர்வு. நீண்ட நாள் பராமரிப்பில் இருப்பவர்களிடம் அது அதிகம், வாய்விட்டுச் சொல்பவர்கள் குறைவு.

இனி தியானம். மூளை வளரும் என்ற செய்தி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். 2005-இல் ஹார்வர்டோடு இணைந்த மருத்துவமனையொன்றில் சாரா லாசார், பல ஆண்டுகள் தியானம் பழகிய 20 பேரை ஸ்கேன் செய்து பழகாதவர்களோடு ஒப்பிட்டார். கவனத்துக்கும் உடலுணர்வுக்கும் தொடர்புள்ள சில இடங்களில் மூளைப் புறணி, அதாவது மூளையின் வெளி அடுக்கு, அவர்களுக்குத் தடிமனாக இருந்தது; வயதானவர்களிடம் அந்த வித்தியாசம் கூடுதலாகத் தெரிந்தது. முதுமையில் தேய்வதைத் தியானம் தடுக்கிறதோ என்ற எண்ணம் பரவியது இங்கிருந்துதான். ஆனால் வருடக்கணக்கில் தியானம் செய்கிறவர் சாப்பாடு, தூக்கம், குடிப்பழக்கம், வேலை என எத்தனையோ வகையில் மற்றவரிடமிருந்து வேறுபடுவார். தியானம்தான் காரணம் என்று ஒரே ஒரு ஸ்கேனை வைத்துச் சொல்ல வழியில்லை.

2011-இல் அதே வட்டத்திலிருந்து வந்தது அடுத்த ஆய்வு. ஜான் கபட்-ஜின் 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சி ஒன்று உண்டு. மூச்சைக் கவனித்தல், உடம்பை உச்சி முதல் பாதம் வரை மனத்தால் தொட்டுப் பார்த்தல், மெதுவான யோகாசனம் எல்லாம் கலந்தது. அதில் சேர்ந்த 16 பேருக்கு எட்டு வாரத்தில் ஹிப்போகாம்பஸில் நரம்பு செல்கள் நிறைந்த சாம்பல் நிறப் பொருளின் அடர்த்தி கூடியதாக அந்த ஆய்வு சொன்னது. நீங்கள் படித்த செய்தி பெரும்பாலும் இதன் பேரப்பிள்ளைதான். 16 பேர் என்பதை மட்டும் யாரும் தலைப்பில் போடுவதில்லை.

2022-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் அதே பயிற்சியை 200-க்கும் மேற்பட்டவர்களிடம், குலுக்கல் முறையில் குழு பிரித்து, ஒப்பீட்டுக் குழுக்களோடு சோதித்தார்கள். மூளையின் அமைப்பில் எந்த மாற்றமும் தெரியவில்லை. இதைச் செய்தவர்கள் தியானத்தை வெறுப்பவர்களும் இல்லை; தியான ஆராய்ச்சிக்குப் பேர்போன ஆய்வகம் அது. சரி, எட்டு வாரம் போதாதோ என்றால், பிரான்ஸில் 65 வயதைக் கடந்த 137 பேரை வைத்து 18 மாதம் நடந்த சோதனையும் அதே ஆண்டில் வெளிவந்தது. ஒரு குழு தியானம் பழகியது, ஒரு குழு ஆங்கிலம் கற்றது, ஒரு குழு எதையும் மாற்றவில்லை. முக்கியமாக எதிர்பார்த்த இரண்டு மூளைப் பகுதிகளின் கனஅளவில் குழுக்களுக்குள் வேறுபாடில்லை. அதே 2022-இல் அமெரிக்காவில், மறதி இருப்பதாகத் தாங்களே உணர்ந்த, ஆனால் டிமென்ஷியா இல்லாத, 65 முதல் 84 வயது வரையுள்ள 585 பேரிடம் கபட்-ஜின் பயிற்சியும் உடற்பயிற்சியும் தனித்தனியாகவும் சேர்த்தும் சோதிக்கப்பட்டன. ஆறு மாதம் கழித்து நினைவாற்றல் தேர்வில், வெறும் ஆரோக்கிய வகுப்பில் உட்கார்ந்தவர்களைவிட யாரும் மேலாக வரவில்லை. உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில் சொல்லும் சோதனை இதுதான். அதனால்தான் ஆரம்பத்திலேயே "இல்லை" என்றேன்.

அப்புறம் ஏன் பழகச் சொல்கிறேன்? மூளையின் அளவை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தால் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. 2014-இல் 47 சோதனைகளை, மொத்தம் சுமார் 3500 பேரை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் தியானத்தால் மிதமான பலன் இருந்தது. மருந்தையோ உடற்பயிற்சியையோ அது மிஞ்சியதாகத் தெரியவில்லை, ஆனால் பலன் இருந்தது. 2015-இல் தூக்கம் கெட்டிருந்த, 55 வயது கடந்த 49 பேரிடம் ஆறு வாரச் சோதனை ஒன்று நடந்தது. தூக்கத்துக்கான வழக்கமான அறிவுரைகளை மட்டும் கேட்டவர்களைவிடத் தியானம் பழகியவர்கள் நன்றாகத் தூங்கினார்கள், பகல் அசதியும் குறைந்தது. பிரான்ஸ் சோதனையிலும் மூளை அளவு மாறாவிட்டாலும், கவனத்தைக் கையாள்வதிலும் மற்றவர்களோடு உணர்வுபூர்வமாகப் பழகுவதிலும் தியானக் குழு, மொழி கற்ற குழுவைவிட முன்னேறியது. பதற்றமும் தூக்கமும் கவனமும் உங்கள் அம்மாவின் மறதியில் எவ்வளவு பங்கு வகிக்கக்கூடும் என்று மேலே பார்த்தோம். அந்தப் பங்கு வரைக்கும் உதவி கிடைக்க வாய்ப்பிருக்கிறது. அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

உதவுவது எப்படி என்று கேட்டால், எனக்குத் தோன்றுவது இது. இரவில் விழுந்த பாட்டிலுக்குத் திரும்புங்கள். சத்தம் கேட்டது ஒரு நிமிட விஷயம். படுத்த பிறகு "அவரே விழுந்திருந்தால்? நான் தூங்கிப்போயிருந்தால்? பணம் எவ்வளவு நாள் வரும்?" என்று மனம் இழுத்துக்கொண்டு போவது இரண்டு மணி நேரம். நடக்காத விழுதலுக்கும் உடம்பு கார்டிசாலைச் சுரக்கும். உண்மையா நினைப்பா என்று அட்ரினல் சுரப்பிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. தியானம் அந்த ஒரு நிமிடத்தை ஒன்றும் செய்யாது. இரண்டு மணி நேரத்தைக் குறைக்கலாம்.

உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது எப்படி என்று தெரியும். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கிறீர்கள். மூக்கு நுனியில் காற்று குளிர்ச்சியாக உள்ளே போகிறது, கொஞ்சம் வெதுவெதுப்பாக வெளியே வருகிறது. மூன்றாவது மூச்சிலோ நான்காவதிலோ மனம் பிசியோதெரபிஸ்ட் பாக்கித் தொகைக்குப் போய்விட்டது. போனது தெரியாமலே இரண்டு நிமிடம் அங்கே இருக்கிறது. திடீரென்று தெரிகிறது, "ஓ, போய்விட்டேன்". திட்டிக்கொள்ளாமல் மறுபடி மூக்கு நுனிக்கு வருகிறீர்கள். பலர் இந்த இடத்தில்தான் "எனக்குத் தியானம் வராது, மனம் அலைகிறது" என்று எழுந்துவிடுகிறார்கள். அலைந்ததைக் கண்டுபிடித்துத் திரும்பிய அந்தக் கணம்தான் பயிற்சியே. பத்து நிமிடத்தில் முப்பது முறை அலைந்து முப்பது முறை திரும்பினால் அது முப்பது முறை செய்த பயிற்சி. நாளாக ஆக, இரவு இரண்டு மணிக்கும் "ஓ, போய்விட்டேன்" என்பது கொஞ்சம் சீக்கிரம் வரும்.

மூச்சுக்கும் தனியாக ஒரு பங்கு உண்டு. உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், வெளியே விடும்போது சற்று மெதுவாகவும் துடிக்கும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வாக்கில், வெளிமூச்சை நீளமாக விட்டால், உடம்பை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பின் பிடி கூடுகிறது. தத்துவமெல்லாம் வேண்டாம் என்கிறவர்கள் இதை மட்டும் செய்தாலும் போதும். மந்திரம் சொல்லிப் பழகியவர்களுக்கும் நடப்பது பெரும்பாலும் இதுதான். ஒரு நீண்ட வரியைச் சொல்லி முடிக்கும்வரை வெளிமூச்சு தானாகவே நீள்கிறது. உங்கள் அம்மாவுக்கு ஏற்கெனவே ஜபமோ பிரார்த்தனையோ பழக்கம் இருந்தால் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அதையே கொஞ்சம் மெதுவாக, வேறு வேலை இல்லாத பத்து நிமிடத்தில் செய்யச் சொல்லுங்கள்.

நடைமுறைக்குச் சில வார்த்தை. தரையில் சம்மணம் போட வேண்டும் என்பதில்லை. முதுகு சாயும் நாற்காலி போதும். மூச்சை அடக்கும் பயிற்சிகள் இந்த வயதில், குறிப்பாக ரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால், டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். வேகமாக மூச்சு விடும் பயிற்சிகளும் அப்படித்தான். உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறார் என்றால் அவருக்கு முதலில் தேவை தூக்கம், தூங்கட்டும். கண்ணை மூடினால் பயமோ பழைய வேதனையோ கிளம்புகிறது என்றால் கண்ணைத் திறந்து, நடந்துகொண்டே, பாதம் தரையில் படுவதைக் கவனிக்கலாம். அப்படியும் கலக்கம் கூடினால் நிறுத்திவிடுங்கள். தியானம் எல்லோருக்கும் இதமாக இருப்பதில்லை; பதற்றம் அதிகமானவர்களும், தூக்கம் இன்னும் கெட்டவர்களும் உண்டு. இதைச் சொல்லாமல் கற்றுக்கொடுப்பவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட மனமில்லை. ஏற்கெனவே ஒரு நாளில் இருபது வேலை இருப்பவரிடம் "தியானமும் பண்ணு, உனக்கு நல்லது" என்றால் அது இருபத்தோராவது வேலை. அவர் கண்மூடி உட்காரும் நேரத்தில் அப்பாவின் அறையில் நீங்களோ வேறு யாரோ இருக்க வேண்டும். பாதி காதை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு யாராலும் அமைதியாக உட்கார முடியாது. உண்மையில் அந்த நேரத்தை அரை மணியாக்கி, அதில் அவர் நடக்கப் போனாலும் எனக்குச் சம்மதம்தான். 2011-இல் அமெரிக்காவில் முதியவர்கள் 120 பேரை வைத்து ஒரு வருடம் நடத்திய சோதனையில், வேகநடை நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் 2 சதவீதம் பெருத்தது, கைகால் நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 1.4 சதவீதம் குறைந்தது. பின்னால் வந்த சோதனைகள் எல்லாம் இதையே சொல்லவில்லை. மேலே சொன்ன 585 பேரில் உடற்பயிற்சி செய்தவர்களும் நினைவில் முந்தவில்லை. ஆனால் நடை ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் நல்லது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அவை மூன்றும் மூளைக்கு வேண்டியவை.

ஆக, வரிசை இப்படி இருக்கட்டும்: டாக்டர், பராமரிப்பில் ஆள் மாற்று, தூக்கம், நடை, அதன்பின் தியானம். தியானத்தைத் தொடங்கினால் எட்டு வாரம் கொடுத்துப் பாருங்கள், கபட்-ஜின் பயிற்சியின் அளவும் அதுதான். பெயர் நினைவு வருகிறதா என்று அவரைச் சோதித்துக்கொண்டே இருக்காதீர்கள். அதுவே ஒரு டென்ஷன். இரவில் விழித்தால் மறுபடி தூங்க எவ்வளவு நேரமாகிறது, முன்னைவிடக் குறைவாகச் சிடுசிடுக்கிறாரா, பேச்சை முழுதாகக் கேட்கிறாரா என்று மட்டும் பாருங்கள். எட்டு வாரத்தில் இவை எதுவும் மாறவில்லை, அவருக்கும் பிடிக்கவில்லை என்றால் குற்ற உணர்ச்சி இல்லாமல் விட்டுவிட்டு, அந்தப் பத்து நிமிடத்தையும் நடையிலேயே சேர்த்துவிடுங்கள்.